எங்கள் வீட்டுப் பிள்ளைக் கொட்டகை

அன்று காலை பத்து மணிக்குக் கைக்குழந்தையின் தாய் வரவில்லை. ஆபீஸ் கடிகாரம் பதினொன்றரை காட்டியிருக்கும். ஜப்பான்காரர்கள் வந்ததும் தோக்கியோ நேரம் என்று ஒன்றரை மணி முன்னால் தள்ளிவிட்டார்கள். பிள்ளைகளின் வயிறு மட்டும் பழைய நேரத்திலேயே இருந்தது. பத்தாகிவிட்டால் எங்கள் வீட்டுத் தூளியில் கிடக்கும் அந்தக் கைக்குழந்தை சிணுங்கும். உடனே அதன் தாய், மண் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே மலைச்சரிவிலிருந்து ஓடிவந்து பால் கொடுப்பாள். அன்றும் குழந்தை சிணுங்கியது. யாரும் ஓடிவரவில்லை.

சண்டைக்கு முன்னால் மலாயாவில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஒரு பிள்ளைக் கொட்டகை இருந்தது. வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை அங்கே விட்டுப்போவார்கள். பார்த்துக்கொள்ள ஓர் ஆயா இருந்தாள். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு கொட்டகையின் தகரத்தைச் சிப்பாய்கள் பிரித்துக்கொண்டு போனார்கள். நான் பாடம் சொன்ன தமிழ்ப் பள்ளிக்கூடமும் மூடியாகிவிட்டது. ஒருநாள் ஒருத்தி வந்து, "டீச்சரம்மா, சும்மாதானே இருக்கீங்க, இதக் கொஞ்சம் பாத்துக்குங்களேன்" என்று தன் பிள்ளையைக் கூடத்தில் இறக்கிவிட்டுப் போனாள். அடுத்த வாரமே எங்கள் கூடத்து உத்தரத்தில் தூளிகள் வரிசையாகத் தொங்கின. கூலியாக மரவள்ளிக் கிழங்கும் கீரையும் விறகும் வந்தன. என் கணவர் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி. ஆபீஸில் அவருக்குக் கிடைத்த அரிசி பாதி மாதத்துக்குக்கூடக் காணாது. அந்தக் கிழங்கை நம்பித்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

தவழ்கிறதும் நடக்கிறதுமாக வீடு நிறைந்திருக்கும். அவர்களில் நாலு வயது வாயாடி ஒருத்தி மற்றவர்களை வரிசையாக நிறுத்தி, "இச்சி, நீ, சான்" என்று ஜப்பான் பாஷையில் தலை எண்ணிப் பெரட்டு எடுப்பாள். குனிந்து கும்பிடாதவனுக்கு முதுகில் ஓர் அடி. கூரையில் உட்கார்ந்திருந்த காக்கையையும் ஒருநாள் கும்பிடச் சொல்லி அதட்டினாள்.

"டீச்சரம்மா, ரூமுல இருக்கிற அக்கா ஏன் வெளியவே வரல? தப்பு பண்ணிருச்சா?"

"அக்காவுக்கு ஒடம்பு சரியில்லம்மா."

அறைக்குள் இருந்தவள் என் மகள். தலைப்பிரசவத்துக்கு வந்தவள். அவள் புருஷனை மந்தின் டவுனில் வைத்துப் பிடித்து, ரயில் பாதை போடச் சயாமுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறந்த ஆண் குழந்தை, தொட்டிலில் போடும் நாளுக்கு முன்பே போய்விட்டது. பால் மட்டும் நிற்கவில்லை. மருத்துவச்சி சொன்னபடி தினமும் பிள்ளைகள் வருவதற்கு முன்பே மல்லிகைப் பூவைப் பறித்து வந்து அவள் மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டுவேன். பூ கட்டினால் பால் வற்றும். கட்டும்போது அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்தில் ஒரு பேச்சு இருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவளின் பால் அடுத்தவள் பிள்ளைக்கு ஆகாது, அவள் கைகூடப் படக்கூடாது என்று. என் முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. பிள்ளையை விட வரும்போது மூடியிருந்த கதவை ஒரு தரம் பார்ப்பார்கள், அவ்வளவுதான். அதனால் பகல் முழுக்க என் மகள் உள்ளேயே இருந்தாள்.

வெயில் ஏறிய பிறகு, ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"பொம்பளைங்கள எல்லாம் லோரில ஏத்திட்டுப் போயிட்டானுங்க டீச்சரம்மா. சுவா பக்கம் கிழங்கு போடக் காடு அழிக்கணுமாம்."

"எப்ப வருவாங்க?"

"அத நான் கேட்டா கன்னத்துலதான் பதில் சொல்லுவான்."

"பால் குடிக்கிற புள்ள இருக்குன்னு சொன்னீங்களா?"

"கையால தாலாட்டிக் காட்டினேன். சிரிச்சான். நீங்க படிச்சவங்க, ஜப்பான் பாஷைல எழுதிக் குடுங்களேன்" என்றார் கசப்பாக. பிறகு அவரே தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

லயத்தில் பால் கொடுக்கிற நிலையில் இருந்த எல்லாப் பெண்களும் அந்த லோரியில்தான் போயிருந்தார்கள். பால் டின்னைக் கண்ணால் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. கடைசி ஆட்டையும் சிப்பாய்கள் ஓட்டிப்போய்விட்டார்கள். என் கணவர் அரிசிப் பங்கு வாங்கச் சிரம்பான் போயிருந்தார். இருந்த ஒரு பிடி அரிசியைக் கஞ்சியாக்கி, வடிகட்டி, பாலாடையில் எடுத்துப் புகட்டினேன். குழந்தை நாக்கால் வெளியே தள்ளியது. மறுபடி புகட்டினேன். புரையேறியது. தோளில் போட்டு நடந்தேன். மற்றப் பிள்ளைகளும் அழத் தொடங்கின.

உச்சி வெயில் சாய்ந்த பிறகு கைக்குழந்தையின் அழுகைச் சத்தம் குறைந்தது. எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். அந்தப் பயம் இன்னும் விட்டுப்போகவில்லை. எங்காவது ஒரு குழந்தை அழுது சட்டென்று ஓய்ந்தால், எழுந்துபோய்ப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.

அறைக் கதவு திறந்தது. என் மகளின் மார்புத்துணி முழுக்க நனைந்திருந்தது.

"அது பசிக்குத்தான்மா அழுவுது."

"தெரியும்."

"ஏன் எங்கிட்ட கொண்டு வரல?"

நான் குழந்தையை இறுக்கிக்கொண்டு நின்றேன். "அதோட அம்மா என்ன சொல்லுவாளோ. நாளைக்கு ஒருத்தியும் புள்ளைய விட வரலைன்னா..."

"அது நாளைக்கு. இப்ப இத என்ன செய்யப்போற?"

கையை நீட்டினாள். கொடுத்தேன். பிள்ளை போனதிலிருந்து அவள் எதையும் கேட்டுக் கை நீட்டியதில்லை.

கட்டை அவிழ்த்ததும் வாடிய பூக்கள் மடியில் கொட்டின. குழந்தை முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதற்குப் பழக்கமில்லாத வாசனை. பிறகு கவ்வியது, இழுத்தது, விட்டுவிட்டு வீறிட்டது. பூ அதன் வேலையைச் செய்துவிட்டதோ என்று குனிந்து பார்த்தேன். மகள் பிள்ளையை மறுபக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டு, "வாடி, கொஞ்சம் பொறுடி, வரும்டி" என்று பேசிக்கொண்டே இருந்தாள். சற்று நேரத்தில் குழந்தை விழுங்கும் சத்தம் கேட்டது. கூடத்தில் அத்தனை பிள்ளைகள் இருந்தும் எனக்கு அந்தச் சத்தம் மட்டும் கேட்டது.

கதவிடுக்கில் வாயாடியின் தலை தெரிந்தது. "ஐ! அக்கா பாப்பாவுக்குப் பால் குடுக்குது!"

இனி மறைக்க வழியில்லை என்று தெரிந்துபோயிற்று.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் லயத்து முனையில் லோரி வந்து நின்றது. நான் கூப்பிடக் கூப்பிட வாயாடி தன் அம்மாவைத் தேடி ஓடினாள். கொஞ்ச நேரத்தில் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். குழந்தையின் தாய் எல்லாருக்கும் முன்னால் வந்தாள். முழங்கால் வரைக்கும் சேறு, ரவிக்கை நனைந்து ஒட்டியிருந்தது.

"நான் சொல்லிட்டேன் டீச்சரம்மா!" என்றாள் வாயாடி பெருமையாக.

மற்றவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். நான் அறைக் கதவுக்குக் குறுக்கே நின்றேன். "கஞ்சி குடிக்கல, வேற வழி தெரியல..."

"தள்ளுங்க டீச்சரம்மா."

உள்ளே குழந்தை மறுபடியும் பால் குடித்துக்கொண்டிருந்தது. என் மகள் பதறி அதை எடுத்து நீட்டப் போனாள். அந்தத் தாய் வாங்கவில்லை. குனிந்து பிள்ளையின் முகத்தையே பார்த்தாள். சேற்றுக் காலோடு என் மகளுக்குப் பக்கத்தில் சுவரோரமாக உட்கார்ந்தாள்.

வாசலிலிருந்து ஒருத்தி, "என்னடி பாத்துக்கிட்டு, புள்ளைய வாங்குடி" என்றாள்.

"வாங்கி? நீ குடுத்திருப்பியா? நீயும் எங்கூட லோரிலதானே குந்தியிருந்த?"

அந்தத் தாய் என் மகள் பக்கம் திரும்பி, நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"இருக்கட்டும் தங்கச்சி, பாதியில எடுக்காத. எங்க மாமியாருக்கு மேல இவ கத்துவாளே, எப்படி அடக்கின? நாளைக்கும் எங்கள ஏத்திட்டுப் போறானுங்களாம். இவள உங்கிட்டயே விட்டுட்டுப் போறேன்."