பெரிய மீன், துருப்பிடித்த ரியாக்டர்

அடுத்தவன் தொழிற்சாலைக்குள் புகுந்து, அவன் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, அவனிடமே குறை சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். ஆடிட்டர் என்று பெயர். கணக்கு பார்க்கிற ஆடிட்டர் இல்லை. மாத்திரைக்கான மூலப்பொருள் செய்கிற இடங்கள் சுத்தமாக இருக்கின்றனவா என்று பார்க்கிறவன். எங்கள் கம்பெனி சிகந்திராபாத்துக்கு அந்தப் பக்கம், பட்டான்செருவில். "சீனாவுல ஒழுங்கான ஒரு சப்ளையரைப் பிடி, பிடிச்ச அன்னைக்கே திரும்பி வா" என்று என்னை அனுப்பிவைத்தார்கள். குகட்பள்ளி வீட்டில் மனைவி ஸ்டெல்லாவும் ஏழு வயது மகள் ரூத்தும். நான் சீனாவில் ஒரு சின்ன டவுனில். சுற்றிலும் கிராமங்கள், பாதிக் கிராமங்களில் ஒரு கெமிக்கல் யூனிட். மொழிபெயர்க்க லின் என்ற பெண். இதே பிழைப்பில் இருக்கும் சக பாவிகளுக்கு இனி வருவது எதுவும் புதிதாக இருக்காது.

மீன் தலை

முதல் கிராமத்தில் காலையிலேயே போய் இறங்கினேன். மருந்து காய்ச்சுகிற பெரிய அண்டாவான ரியாக்டரைப் பார்க்கலாமா என்றேன். முதலில் டீ என்றார் முதலாளி. டீ முடிந்ததும் சாப்பாடு என்றார். சுழல்கிற கண்ணாடி மேசையில் ஒரு முழு மீன் வந்தது. அதன் தலை யாரைப் பார்க்கிறதோ அவர்தான் முக்கிய விருந்தாளி; சாராயக் கிளாஸை முதலில் காலி செய்ய வேண்டியவரும் அவரே. மீன் என்னைத்தான் முறைத்தது. நானோ சிகந்திராபாத் சண்டே ஸ்கூலில் வளர்ந்தவன், சாராயம் தொடாதவன். மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன். மருந்துக் கம்பெனிக்காரன் சொன்னால் நம்பிவிடுகிறார்கள்.

மேசையை விட்டு எழுந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் ரியாக்டர் மூடியின் உட்புறமெல்லாம் துரு. காரில் ஏறியதும் லின்னிடம் புலம்பினேன். அவள் அமைதியாகச் சொன்னாள்: "துரு இருக்கிறது அவருக்கும் தெரியும் சார். அதனாலதான் மீன் அவ்வளவு பெரிசு."

முழு ஆடு

அதற்குப் பிறகு எனக்குக் கண் திறந்துவிட்டது. ஆமை சூப் வைத்த இடத்தில் தரையெல்லாம் கசிவு. வாத்தும் நண்டும் சேர்ந்து வந்த இடத்தில் வடிகட்டியே இல்லை. விருந்து எவ்வளவு பெரிதோ, ஓட்டையும் அவ்வளவு பெரிது. விருந்தை மறுக்கவும் முடியாது. மறுத்தால் ஊரே கோபித்துக்கொள்ளும்.

ஒரு கிராமத்தில் வாசலில் மின்விளக்குப் பலகையில் என் பெயர் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே போனால் வாட்டிய முழு ஆடு மேசையில் கால் நீட்டிப் படுத்திருக்கிறது. பார்க்காமலே ரிப்போர்ட் எழுதிவிடலாம், வண்டியைத் திருப்பச் சொல் என்று லின் காதில் சொன்னேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சாப்பிட்டுட்டே திருப்பலாம் சார், ஆடு என்ன பாவம் பண்ணுச்சு?"

சுடு தண்ணீர்

தங்கியிருந்த இடத்தில் வீட்டுக்கார அம்மாவுக்கு எல்லா வியாதிக்கும் ஒரே மருந்து, சுடு தண்ணீர். ஜலதோஷமா, சுடு தண்ணீர். முதுகு வலியா, சுடு தண்ணீர். ரூத் பள்ளி விட்டு வந்ததும் வீடியோவில் கூப்பிடுவாள். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிற பெண். தினமும் ஒரே கேள்வி: "டாடி, எப்புடு ஒஸ்தாவு?" எப்போது வருவேன் என்று எனக்கே தெரியாதபோது என்ன சொல்ல? போனை வைத்ததும் அழுகை வரும். வெட்கப்படாமல் அழுதிருக்கிறேன்.

ஒருநாள் அந்த அம்மா பிளாஸ்க்கோடு வந்தவர் அதைப் பார்த்துவிட்டார். மொழிபெயர்க்கிற போனை நடுவில் வைத்துக்கொண்டு விசாரித்தார். ஏதாவது ஒரு தொழிற்சாலைக்கு ஓகே சொல்லிக் கையெழுத்துப் போட்டால் போதும், வீட்டுக்குப் போய்விடலாம் என்றேன். ஆசை எனக்கும் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தத் துருவை விழுங்கப்போவது நாலு பேர் வீட்டு அப்பா அம்மா, அதில் என் அம்மாவும் ஒருத்தி. வீட்டுக்கார அம்மா யோசித்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார்: "மனசு வந்தா கையெழுத்துப் போடு. வரலைன்னா சுடு தண்ணி குடி."

ஒரு கிண்ணம் நூடுல்ஸ்

மலையடிவாரத்தில் ஒரு கிராமம். தார் ரோட்டின் பாதியை அடைத்துச் சோளம் காயப்போட்டிருந்தார்கள். பலகை இல்லை, டீ இல்லை. முதலாளி சென் ரப்பர் பூட்ஸோடு நின்றபடியே நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் கையிலும் ஒரு கிண்ணத்தைத் திணித்தார். "சீக்கிரம் சாப்பிடுங்க. ரியாக்டர் சூடேறிக்கிட்டிருக்கு, அது விருந்தாளிக்கெல்லாம் காத்திருக்காது."

பார்த்தேன். மூடியில் என் முகம் தெரிந்தது. பைப், வால்வு, வடிகட்டி எதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்குப் போகப்போகிறேன் என்று லின்னின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவள் சொன்னாள்: "முதல்ல உங்க பாஸ் சம்மதிக்கட்டும் சார்."

டேனியல் சார்

எங்கள் ஜி.எம். டேனியல் சாரும் சிகந்திராபாத் தமிழர்தான். போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில், "சரி, சாப்பாடு எப்படி?" என்றார். நூடுல்ஸ் சார், நின்னுகிட்டே கையில ஒரு கிண்ணம் என்று உளறிவிட்டேன். "ஒரு கிண்ணமா? கையிலயா? வந்தவனுக்கு மரியாதை தெரியாதவன் மருந்தை என்ன லட்சணத்துல பண்ணுவான்? நானே வந்து பாக்குறேன். சரியில்லைன்னா நக்கோ பா, வேண்டவே வேண்டாம், நீ அங்கயே இருந்து வேற தேடு."

அன்றைக்கே மலையடிவாரத்துக்கு ஓடினேன். ஐயா, எங்கள் ஜி.எம். வருகிறார், தயவுசெய்து ஒரு பெரிய விருந்து வையுங்கள் என்று கெஞ்சினேன். லின் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க, சென்னின் முகம் வெளுத்தது. பூட்ஸைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தே விட்டார். "ஏன், எங்க சரக்குல என்ன குறை கண்டீங்க?"

கையெழுத்து

விளக்கிச் சொல்லி அவரைத் தேற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பக்கத்து ஊரிலிருந்து சமையல்காரரை வரவழைத்தார். மீன் வந்தது, தலை டேனியல் சாரைப் பார்த்தது. அவருக்குச் சண்டே ஸ்கூலெல்லாம் மறந்து வெகுகாலம். மூன்றாவது கிளாஸில் முதலாளியைக் கட்டிப்பிடித்து, "ஹவ் பா, ஆமா, இதான் கம்பெனி!" என்றார். மேசையிலேயே பேப்பரை விரித்துக் கையெழுத்துப் போட்டார். காலையிலிருந்து துடைத்து வைத்த ரியாக்டர் பக்கம் திரும்பக்கூட இல்லை. சென் லின்னிடம் மெதுவாகக் கேட்டார்: "இவர் அதைப் பார்க்கவே மாட்டாரா?"

வீட்டில்

வீட்டுக்கு வந்தேன். ரூத் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்கவே இல்லை. அதைவிடச் சந்தோஷம் எனக்கு இந்த உலகத்தில் கிடையாது. சாப்பிட உட்கார்ந்தால் பிரியாணி, கோலா உருண்டை, டபுள் கா மீட்டா என்கிற ரொட்டி இனிப்பு, நடுவில் தலையோடு ஒரு முழு மீன். தலை என் பக்கம். எனக்குச் சுருக்கென்றது. "சும்மாதாங்க, ஆசையா செஞ்சேன்" என்றாள் ஸ்டெல்லா, என் முகத்தைப் பார்க்காமல்.

ரூத்தைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். கீழே கேட் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பக்கத்தில் எங்கள் கார், முன் பம்பர் இல்லாமல். பழி தன்மேல் விழுந்துவிடக் கூடாதென்று ரூத் முந்திக்கொண்டாள்: "மம்மியே குத்தேசிந்தி டாடி, நேனு காது!" இடித்தது மம்மிதானாம், அவள் இல்லையாம்.

ஆகவே சக பாவிகளே, உங்களுக்கு யாராவது தடபுடலாகச் சாப்பாடு போட்டால், கை கழுவுவதற்கு முன் ஒருமுறை வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்காருங்கள்.