கழுவக்கூடாத வெள்ளி

காசை விளிம்பில் பிடித்துத் தூக்கும்போது இரவிச்சந்திரன் அண்ணை வாயை இறுக மூடிக்கொள்வார். எதிரில் இருப்பவரும் மூட வேண்டும். ஒருமுறை நான் “இது எந்த வருசத்துக் காசு?” என்று கேட்டுவிட்டேன். காசை மேசையில் விரித்திருந்த துவாயில் இறக்கி வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். “தம்பி, கதைக்கிறதெண்டால் அங்கால போய்க் கதையும். எச்சில் தெறிச்சால் பேந்து புள்ளி விழும். ஒருத்தராலும் எடுக்கேலாது.”

மொன்றியலின் லாசாலில் அவர் வீட்டு மேல்மாடியில் நான் குடியிருக்கிறேன். அவர் புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மிச்ச நேரமெல்லாம் அமெரிக்காவின் பழைய வெள்ளிக் காசுகள்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் பிந்தியது என்றால் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். இந்தக் கிறுக்கு எங்கே பிடித்தது என்று கேட்டால், “இவ்வளவு காலமும் கைபடாமல் கிடந்திருக்கே, அது அதிசயமில்லையா?” என்று என்னையே திருப்பிக் கேட்பார்.

அவருடைய உயிர், 1860ஆம் ஆண்டு டாலர் ஒன்று. ஒரு பக்கம் அமர்ந்திருக்கும் பெண், மறுபக்கம் கழுகு. விளிம்பில் நீலமும் ஊதாவும் ஓடி, நடுவில் சாம்பல் படிந்திருக்கும். எனக்கு அது கறுத்த காசு. அவருக்கோ அந்தக் கறுப்புத்தான் காசின் தோல், உரித்தால் செத்துப்போகும். காசைக் கழுவக்கூடாது என்பதில் அவரைப்போல் கண்டிப்பானவர் மொன்றியலில் இல்லை. நாணயச் சங்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களை முதலில் பிடித்து உட்காரவைத்து, தன் அரைகுறை பிரெஞ்சில் இதைத்தான் ஓதுவார். அங்கே அவருக்கு இருந்த மரியாதையெல்லாம் அதனால் வந்தது.

வீட்டில் மட்டும் இதை ஓதியதே இல்லை. அவர் மனைவி குணேஸ்வரி அக்காவுக்கு அந்தக் காசுப் பெட்டியைக் கண்டாலே ஆகாது. “கறுத்த காசுக்காரர்” என்றுதான் அவரைப் பற்றிக் கதைப்பார். கேட்க விரும்பாதவரிடம் எதைச் சொல்வது என்று அண்ணையும் விட்டுவிட்டார்.

இந்த நவராத்திரிக்கு அக்காவின் மனம் எப்படியோ இளகிவிட்டது. அண்ணை வேலைக்குப் போயிருந்த நேரம், அவருடைய மிகச் சிறந்த காசை இலட்சுமிக்கு முன் வைக்க ஆசைப்பட்டு எடுத்தார். தேய்க்காத வெள்ளியைச் சாமிக்கு முன் வைக்கும் வழக்கம் எங்களிடம் இல்லையே. குத்துவிளக்குக்குச் செய்வதையே காசுக்கும் செய்தார்.

மாலையில் பூசைக்கு நானும் போயிருந்தேன். அண்ணை உள்ளே வந்ததும் அக்கா முந்திக்கொண்டார்.

“இஞ்சருங்கோ, சோம்பலிலைதானே இதுகளைக் கறுக்க விட்டிருக்கிறியள்? புளியும் திருநீறும் போட்டு ஒரு தேய்ப்புத்தான். பாருங்கோ இப்ப.”

டாலர் புது எவர்சில்வர்த் தட்டு மாதிரிப் பளபளத்தது. நீலமும் இல்லை, ஊதாவும் இல்லை. அண்ணை வழக்கம்போல் விளிம்பில் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார்.

“ஓம், நல்லா மினுங்குது” என்றார்.

புறப்படும்போது வாசலில் காலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டே, அக்காவிடம் ஏன் சொல்லவில்லை என்று அண்ணையைக் கேட்டேன். “எத்தினை வருசமாத் திட்டினவ. இண்டைக்குத்தான் ஆசையா எடுத்துப் பாத்திருக்கிறா. அதுக்குள்ள போய் என்னத்தைச் சொல்ல?” எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாசமும் வந்தது.

அடுத்த ஞாயிறு சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சி. வேறு காசைக் கொண்டுபோயிருக்கலாம். ஆனால் தான் தேய்த்த காசை ஊரார் பார்ப்பதைப் பார்க்க அக்காவும் சேலை உடுத்திப் புறப்பட்டுவிட்டார். காரை ஓட்டியவன் நான். டாலரை வெல்வெட் துணியில் வைத்ததும் அக்காவே.

சங்கத்தின் மூத்த உறுப்பினர் யோசெப்பீன் அம்மையார் மேசை மேசையாக வந்தார். பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்தார். நிமிர்ந்தபோது முகம் சுருங்கியிருந்தது.

“நாசமாக்கியிருக்கிறார்களே. எந்த மடையன் இதைத் தேய்த்தது?”

கேட்டது பிரெஞ்சில். அக்கா கார்டெறி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் பிரெஞ்சுக் குழந்தைகளைப் பார்க்கிறவர். ஒரு சொல் தப்பாமல் விளங்கியிருக்கும். அவர் முகம் வெளுத்தது. காசைப் பார்த்தார், பிறகு புருசனைப் பார்த்தார். சுற்றி நின்ற உறுப்பினர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களில் பாதிப்பேர் அண்ணையிடம் பாடம் கேட்டவர்கள்.

அக்கா வாய் திறக்குமுன், இரவிச்சந்திரன் அண்ணை விரலைத் தன் நெஞ்சில் வைத்தார்.