முதல் கியர் மேலே

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. முன்னுக்குச் சொல்ல வேண்டியது பின்னுக்கு வரும். சிலது மறந்தும் போய்விட்டது. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் கணவர் சிரித்தார். "ஓடினது நான், எழுதுறது நீரோ?" என்றார். ஓடியது அவர்தான். ஆனால் பின்னால் இருந்தவளுக்கும் சொல்லக் கொஞ்சம் இருக்கிறது.

மகள் நகரத்துக்கு வெளியே ஸ்ரௌவ்வில் என்கிற ஊரில் வீடு வாங்கியபோது எங்களையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அதற்கு முதல் இந்தக் குளிர் நாட்டின் பெரிய நகரத்துக்குள், சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாலாம் மாடியில் இருந்தோம். அங்கே கீழே இறங்கினால் கடை, கொஞ்சம் நடந்தால் ஸ்ரீட்கார் என்கிற தெரு ரெயில். இங்கே ஒரு கட்டுக் கொத்தமல்லிக்கும் யாராவது காரில் ஏற்ற வேண்டும். மருமகன் நல்ல பிள்ளை, கேட்டால் ஏற்றுவார். கேட்கத்தான் எனக்கு வாய் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

என் கணவர் கார் ஓட்டப் பழகவே இல்லை. "ஊரிலை ஓடின மோட்டச்சைக்கிள் இருக்க, இந்த வயசிலை காரைப் போய்ப் படிக்கிறதோ?" என்றார். வேலையிலிருந்து ஓய்வு எடுத்த பிறகு வகுப்புக்குப் போய், லைசென்ஸ் எடுத்து, பழைய கறுப்பு மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கினார்.

ஊரில், கலியாணம் கட்டிய புதிதில், அவரிடம் சிவப்பு மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. நான் சீலையோடு பக்கவாட்டில், இரண்டு காலையும் இடப்பக்கம் போட்டு இருப்பேன். தெருவில் வருகிற சனத்தின் முகம் பார்க்க எனக்கு வெட்கம். அதனால் குனிந்து அவருடைய இடக்காலையே பார்த்துக்கொண்டு போவேன். செருப்புப் போட்ட கால். கியர்ப் பெடலின் முன்பக்கத்தை மிதிக்க மிதிக்கக் கியர் கூடும். குறைக்க வேண்டுமென்றால் குதிக்காலால் பின்பக்கத்தை மிதிப்பார். சந்திக்கு எத்தனை மிதி, ரெயில் பாதைக்கு எத்தனை மிதி என்று எனக்கு எண்ணிக்கை தெரியும்.

இங்கே பக்கவாட்டில் இருக்க முடியாது. அறுபது வயதுக்கு மேல் மகளின் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு, கால் இரண்டு பக்கமும் போட்டு ஏறினேன். முதல்நாள் பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டிக்கொண்டு நின்றார். அவர் உள்ளே போகும்வரை நான் கராஜுக்குள்ளேயே ஒளிந்து நின்றேன்.

ஆனால் ஏறிய பிறகு அது ஒரு சுகம். முகத்தை மூடிய ஹெல்மெற். நான் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு, முகத்துக்கு நேரே சொல்லாத எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டு போவேன். காற்றில் அவருக்கு ஒன்றும் கேட்காது. வாரத்தில் இரண்டு நாள், மரக்கறிக் கடைக்கும் அங்கிருந்து குளக்கரைக்கும் போய்வருவோம். ஒருவரையும் கேட்கத் தேவையில்லாமல் நாங்கள் இரண்டு பேராகப் போன பயணம் அது ஒன்றுதான்.

கரைச்சல் கியரில் வந்தது. இங்கத்தைய மோட்டார் சைக்கிளில் முதல் கியருக்கு மட்டும்தான் மிதிப்பது. மற்றதெல்லாம் கால்விரலைப் பெடலுக்குக் கீழே விட்டுத் தூக்க வேண்டும். ஆறுதலாக ஓடும்போது அவருக்கு அது நினைவிருந்தது. அவசரத்தில் இல்லை. ஒருநாள் பின்னால் மண் லொறி ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு கிட்ட வந்துவிட்டது. இவர் வேகம் எடுக்கக் கியரைக் கூட்டப் போனார். தூக்குவதற்குப் பதிலாக மிதித்துவிட்டார். கூட வேண்டிய கியர் குறைந்தது. என்ஜின் கத்தியது, பின்சில்லு இழுபட்டது, என் ஹெல்மெற் அவருடைய ஹெல்மெற்றில் இடித்தது. லொறிக்காரன் விலத்தி எடுத்தபடியால் தப்பினோம். அது மூன்றாவது தரம்.

நான் வீட்டில் மூச்சு விடவில்லை. ஹெல்மெற்றில் இருந்த கீறலை மகள் கண்டுவிட்டாள்.

"அம்மா, உங்கடை முள்ளந்தண்டு முறிஞ்சால் ஆர் பாக்கிறது? அப்பா, காணும். வித்துப்போடுங்கோ."

"ஓம், வித்துப்போடுவம். எனக்கும் வயசு போட்டுது" என்றார் அவர். அவர் மறுத்துக் கதைத்திருந்தால் எனக்கு அவ்வளவு கவலை வந்திராது.

அடுத்தநாள் கராஜுக்குள் என்ஜினைப் போடாமல் சும்மா அதில் ஏறி இருந்தார். நான் பக்கத்தில் வாளியைக் கவிழ்த்து வைத்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். இடக்கால் என் கண்ணுக்கு நேரே இருந்தது. அது தன்பாட்டில் மிதித்தது. பிறகு மிதித்தது. பிறகும் மிதித்தது. கடைசியில் குதிக்கால் பின்னால் இல்லாத பெடலைத் தேடியது. ஊர்ச் சந்தி, ஊர் ரெயில் பாதை. அந்தக் கால் இன்னும் சிவப்புச் சைக்கிளைத்தான் ஓடிக்கொண்டிருந்தது. வயதென்று நொந்துபோயிருந்தவரிடம் காலையும் குறை சொல்ல மனம் வரவில்லை.

சனிக்கிழமை ஒஷாவா என்கிற ஊரில் ஒரு திருத்துகிற கடைக்கு விற்கக் கொண்டுபோனார். எங்களைத் திருப்பி ஏற்றிவர மகள் காரில் பின்னால் வந்தாள். என்னையும் காருக்குள் ஏறச் சொன்னாள். நான் ஏறவில்லை. கடைசி ஓட்டம் என்று அவருக்குப் பின்னால் ஏறினேன்.

கடைக்காரத் தம்பி எங்கள் நாட்டு முஸ்லிம் பிள்ளை. சுற்றிவரப் பார்த்தார். "நல்ல சைக்கிள் அங்கிள். என்னத்துக்கு விக்கிறீங்க?"

"சைக்கிளிலை பிழையில்லை தம்பி. பிழை எனக்குத்தான். வயசு."

பிற ஆம்பிளைகளோடு நானாகக் கதைத்துப் பழக்கமில்லை. அன்றைக்கு மட்டும் எப்படியோ வாய் வந்தது.

"வயசில்லை தம்பி. கால். ஊரிலை மிதிச்ச கால். அதுக்குத் தூக்கத் தெரியாது."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு பக்கவாட்டுச் சவாரி, எண்ணிய மிதி, வாளியில் இருந்து கண்டது எல்லாவற்றையும் சொன்னேன்.

தம்பி சிரித்துவிட்டார். "அன்ரி செல்றது சரி. அப்ப காலை விடுங்க, கியரத் திருப்புவம். ரேஸ் ஓடுறவங்க இப்பிடித்தான் வெப்பாங்க. வளைவுல சைக்கிளச் சரிச்சா காலக் கீழ விட்டுத் தூக்க எடம் இல்ல. மேல இருந்து மிதிக்க ஏலும். முதல் கியர் மட்டும் மேல, மிச்சமெல்லாம் கீழ."

"அப்பா ரேஸரோ? ஓ மை கோட்!" என்றாள் மகள்.

"ஏன், எனக்கென்ன குறை?" என்றார் இவர். ஒரு கிழமைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் பகிடி விட்டதைக் கேட்டேன்.

பெரிய வேலை இல்லை. கால் மிதிக்கிற லீவரிலிருந்து ஒரு கம்பி போய், கியர்ப் பெட்டியிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற தண்டில் உள்ள சின்னக் கையைத் தள்ளும். அந்தக் கை கீழே பார்த்திருந்தது. மகளின் கைப்பையில் இருந்த நகப்பூச்சை வாங்கி, பழைய இடம் தெரியவென்று தம்பி ஒரு பொட்டு வைத்தார். ஆணியைக் கழற்றிக் கையை இழுத்து எடுத்தார். மேலே பார்க்கத் திருப்பிப் போட்டு இறுக்கினார். லீவர் சரிந்து நின்றது, கம்பியை முறுக்கி நீளத்தைச் சரிபண்ணினார். ரோச் லைற் பிடித்தது நான்.

கடைக்குப் பின்னால் இருந்த வெறும் இடத்தில் இவரைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டார். குறைக்கும்போது மட்டும் கால்விரலால் தூக்க வேண்டியிருந்தது. நிறுத்தும் நேரம் அவசரமில்லாத நேரம், அதனால் அதற்குக் கால் இணங்கியது. பத்துப் பதினைந்து சுற்று வந்தபின், "ஏறும்" என்றார் என்னிடம். நான் மகளைப் பார்த்தேன். அவள் காரின் கதவைத் திறந்துகொண்டு, "மெதுவாப் போங்கோ, நான் பின்னாலை வாறன்" என்றாள்.

வரும் வழியில் ஒரு பக்கத் தெருவிலிருந்து பெரிய வண்டி ஒன்று எங்களுக்குப் பின்னால் ஏறியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவருடைய முழங்கால் அசைவது என் முழங்காலில் தெரிந்தது. ஒரு மிதி. இரண்டு மிதி. சைக்கிள் வழுக்கிக்கொண்டு முன்னே போனது. என் ஹெல்மெற் எங்கும் இடிக்கவில்லை.

வீட்டில் இறங்கியதும் மகள் கேட்டாள்: "அம்மா, வழி முழுக்கக் கையை ஆட்டி ஆட்டிக் கதைச்சுக்கொண்டு வந்தனீங்கள். அப்பாவுக்குக் கேக்குமே?"

"கேளாது. அதுதான் கதைக்கிறன்."

அதற்குப் பிறகு மூன்று கோடை ஓடினோம். மருமகன் ஒருநாள் கராஜிலிருந்து தள்ளி வைக்கப் போய், தெரியாமல் என்ஜினைப் போட்டுக் கியரையும் போட்டுக் குப்பைத் தொட்டியை இடித்தார். அன்றைக்கு நான் ஒரு கடதாசியில் 'முதல் கியர் மேலே' என்று எழுதிப் பெற்றோல் ராங்கியில் ஒட்டினேன். மருமகனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பது ஒட்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

போன குளிரோடு இவருக்குக் கண் பார்வை குறைந்துவிட்டது. சைக்கிள் விற்கப்படவில்லை. மகள் மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் எடுத்திருக்கிறாள். அவளுடைய கால் இந்த நாட்டில் பழகிய கால், தூக்கத்தான் தெரியும். கியர்த் தண்டின் கையைப் பழைய இடத்துக்குத் திருப்பிவிட்டு, என்னைப் பின்னால் ஏற்றப் போகிறாளாம். நகப்பூச்சுப் பொட்டு அழிந்துவிட்டது. அதனால் நான் எழுதியதைப் பார்த்துத்தான் திருப்புவாள். கை முன்பு கீழேதான் பார்த்ததா, கம்பியை எந்தப் பக்கம் முறுக்கினார், ஒன்றாம் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் நடுவில்தானா கியர் விழாத அந்த நியூற்றல் என்பதெல்லாம் ரோச் லைற் பிடித்தவளின் நினைவு. இந்த வேலை தெரிந்த யாராவது ஒருதரம் வாசித்து, பிழை இருந்தால் திருத்தித் தாருங்கள். பனி போய் ஓடத் தொடங்குகிற மே மாதத்துக்கு முதல் தந்தால் நல்லது.