தொடக்கூடாத பிள்ளை

அறுபத்து மூன்றாம் வருஷக் கோடையில் ஆரம்பாக்கத்துக்குப் பக்கத்தில், ரயில் பாதை ஓரத்துக் கிராமம் ஒன்றில் பெரியம்மை வந்தது. வெளியூருக்குக் கரும்பு வெட்டப் போய்த் திரும்பிய ஒருவன் உடம்பெல்லாம் முத்தோடு வந்து விழுந்தான். இரண்டொரு நாளில் ஜீப்பில் அம்மை குத்துகிறவர்கள் வந்து இறங்கினார்கள்.

சின்னப்பொண்ணுக்கு ஊசி தேவைப்படவில்லை. சிறுவயதிலேயே அவளுக்குப் பெரியம்மை கண்டிருந்தது. உயிர் தப்பினாள், முகம் முழுக்கத் தழும்பு. பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். மறுபடியும் அப்படியே நடந்தபோது, "போதும்ணே, இனிமே யாரையும் இட்டுகினு வராதே" என்று அண்ணன் மணவாளனிடம் சொல்லிவிட்டாள். அவன் வீட்டிலேயே இருந்துகொண்டு வயல் வேலையில் அவனுக்குச் சரிபாதி பார்த்தாள். அண்ணி முத்தம்மாளோடு பெரிய சண்டையும் கிடையாது, பெரிய ஒட்டுதலும் கிடையாது.

மணவாளனுக்கு ஒரே மகள், செல்வி. நாலு வயது. கைக்குழந்தையாக இருந்தபோதே பிடித்த கரப்பான் சொறி அவளை விடவில்லை. முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் தோல் வெடித்து நீர் கசியும். கத்தரிக்காயோ கருவாடோ வாயில் பட்டால் போதும், ரத்தம் வரச் சொறிந்துகொள்வாள்.

அம்மை குத்த வந்த ஆதிகேசவன் மணவாளனுக்கும் முத்தம்மாளுக்கும் குத்தி முடித்துவிட்டுச் செல்வியின் கையைப் பிடித்தார். சட்டைக் கையை மேலே தள்ளியவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். தெருக்கோடியில் நின்ற ஜீப்புக்குப் போய் டாக்டரம்மாவை அழைத்து வந்தார்.

டாக்டரம்மா குழந்தையின் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். "இந்தப் பிள்ளைக்குக் குத்தக்கூடாது. இந்த ஊசியில இருக்கிற அம்மைப்பால் கரப்பான்ல பட்டா உடம்பு பூராவும் புண்ணாப் பரவிடும். உயிருக்கே ஆபத்து."

"அப்ப குத்தாம வுட்டுடுங்க" என்றாள் முத்தம்மாள்.

"அது மட்டும் போதாதும்மா. உங்க கையில குத்தின இடம் பழுக்கும். அந்தச் சீழ் பட்டாலும் இதே கதிதான். அது காய்ஞ்சு பொருக்கு உதிர்ற வரைக்கும் பிள்ளை உங்ககிட்ட இருக்கக்கூடாது. ஊர்லயும் அம்மை இருக்கு. வெளியில எங்கயாவது வச்சுக்கணும்."

"ஊர்ல எல்லாருக்கும்தான் குத்திட்டீங்க. யாரு வச்சிக்குவா?"

டாக்டரம்மாவின் கண் கதவோரம் முந்தானையால் முகத்தைப் பாதி மறைத்து நின்ற சின்னப்பொண்ணின் மேல் விழுந்தது. "முந்தானையை எடும்மா" என்றார். எடுத்தாள். "உனக்கு இனிமே வராது. உனக்கு ஊசியும் வேண்டாம். நீ வச்சுக்கிறியா?"

"வச்சிக்கிறேன்."

அன்றே அரிசியும் பருப்பும் ஒரு பாயும் எடுத்துக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்தபடி வயல் நடுவிலிருந்த பம்புசெட் கொட்டகைக்குப் போய்விட்டாள். டாக்டரம்மா கொடுத்த மருந்தைப் புண்ணில் தடவினாள். சொறியாதபடி பழைய வேட்டித் துணியைச் செல்வியின் இரண்டு கையிலும் சுற்றிக் கட்டினாள். "அம்மா கிட்ட போலாம் அத்தே" என்று பிள்ளை ஓயாமல் அழுதது.

முத்தம்மாளுக்குக் கை பழுத்து ஜுரம் வந்தது. ஜுரத்தோடேயே ஒரு பகலில் வரப்பில் நடந்து வந்தாள். தூரத்திலேயே பார்த்துவிட்ட சின்னப்பொண்ணு குழந்தையை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினாள்.

"அங்கியே நில்லு அண்ணி."

"எம் புள்ள அழுவுது, கேக்கல உனக்கு? ஒரு தபா பாத்துட்டுப் போய்டறேன்."

"உன் ரவிக்கைக் கை சீழ்ல ஈரமா கீது பாரு. வராதே."

"பெத்திருந்தா தெரியும். உன் மூஞ்சி மாதிரி எம் புள்ளைக்கும் ஆவட்டும்னு நெனக்கிறியா?"

சின்னப்பொண்ணு கதவில் முதுகைச் சாய்த்துக் குந்திக்கொண்டாள். உள்ளிருந்து சின்னக் கைகள் கதவைத் தட்டும் அதிர்வு முதுகில் தெரிந்தது. முத்தம்மாள் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

ஆனால் மறுபடியும் வந்தாள். சின்னப்பொண்ணு தொட்டியில் துணி அலசிக்கொண்டிருந்த நேரம். திரும்பி வந்து பார்த்தால் செல்வி அம்மாவின் மடியில். கழுத்து அம்மாவின் தோளிலும் கையிலும் அழுந்திக் கிடந்தது.

சின்னப்பொண்ணு பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, தொட்டித் தண்ணீரில் நிறுத்திச் சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு அண்ணனைக் கூப்பிட்டு வரப்பிலேயே நிற்கவைத்து, நடந்ததைச் சொல்லி டாக்டரம்மாவிடம் அனுப்பினாள். பிள்ளைக்கு ஜுரம் கண்டால் சொல்லியனுப்ப ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று பதில் வந்தது.

அதன் பிறகு முத்தம்மாள் கிட்டே வரவே இல்லை. தினம் காலையில் எதிர் வரப்பில் வந்து நின்று கேட்பாள்.

"சுடுதா?"

"இல்ல அண்ணி."

அதைக் கேட்டுக்கொண்டு போய்விடுவாள். ஒரு காலையில் சின்னப்பொண்ணு பிள்ளையைத் தொட்டுப் பார்த்தாள். குழந்தையின் கழுத்துப் புண்ணைச் சுற்றிக் கொப்புளங்கள், நடுவில் குழி விழுந்து. உடம்பு கொதித்தது.

"சின்னப்பொண்ணு! சுடுதா?"

"சுடுது அண்ணி. அண்ணனை ஓடச் சொல்லு."

முத்தம்மாள் வரப்பு நெடுக வீட்டுக்கு ஓடினாள். மணவாளன் சைக்கிளை எடுத்தான்.

ஜீப் வந்து மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனது. தனி அறையில் போட்டார்கள். கூட இருக்க சின்னப்பொண்ணுக்கு மட்டும்தான் அனுமதி. தோள்வரை பரவிய கொப்புளம் முகத்துக்கு ஏறுமோ என்று அவள் தூங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி மேல் ஊசி போட்டார்கள். பிள்ளை தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்த ஒரு நாளில் நர்ஸே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பரவினது தோளோடு நின்றது. அதற்கடுத்த வாரம் செல்வி இட்லி கேட்டாள்.

முத்தம்மாளின் கைப் பொருக்கு உதிர்ந்தபின் வரச் சொன்னார்கள். வந்தவள் அறை வாசலிலேயே நின்றாள். நர்ஸ், "போம்மா, இனிமே தொடலாம்" என்றாள். அவள் நகரவில்லை. சின்னப்பொண்ணைப் பார்த்து, "நான் வர்லாமா?" என்று கேட்டாள்.

"வா அண்ணி. உன்னைத்தான் கேட்டுக்கினே கீது."

முத்தம்மாள் உள்ளே வந்தும் முதலில் குழந்தையைத் தொடவில்லை. சின்னப்பொண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கொட்டகையில் சொன்ன வார்த்தையைப் பற்றி இருவரும் பேசவில்லை, அன்றைக்கும் சரி, பிறகும் சரி.

செல்விக்குக் கழுத்திலும் தோளிலும் தழும்பு தங்கிவிட்டது. கரப்பான் வளர வளர அடங்கியது. எழுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் வரத் தொடங்கியபோது அவள் ஒன்றில் பாக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே பறந்த தூளில் முழங்கை மடிப்பு மறுபடி வெடித்தது. "வேலையே வாணாம், நின்னுடு" என்றாள் முத்தம்மாள். சின்னப்பொண்ணு காலை ரயிலேறிப் போய்க் கம்பெனி வாசலில் நின்று, சூப்பர்வைசர் வெளியே வரும்வரை நகர மாட்டேன் என்றாள். வெளியே வந்தவன், செல்வியைத் தூள் பறக்காத பக்கம் மாற்றித் தர ஒத்துக்கொண்டான். அதை அவன் வாயால் இரண்டாம் தரம் சொல்லவைத்த பிறகுதான் அவள் ஊர் திரும்ப ஸ்டேஷனுக்கு நடந்தாள்.