ரூபியும் தொண்டை கட்டிய தீபாவளியும்

அன்பான சகோதர சகோதரிகளே, ஒரு நாய்க்காக நான் ஜெபித்த கதையைச் சொல்லப் போகிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் போன தீபாவளி வாரம் நான் பட்ட பாடு எனக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும்.

என் பெயர் எஸ்தர். படப்பைக்குப் பின்னால், புதிதாக மனை பிரித்த இடத்தில் எங்கள் வீடு. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் தகடு அடிக்கிற பிரஸ் பிரிவில் வேலை. அங்கே கத்திப் பேசினால்தான் பக்கத்து மெஷினில் நிற்பவளுக்குக் கேட்கும். வீட்டுக்கு வந்தாலும் எனக்கு அதே குரல்தான். ஒரு இடத்தில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்காரவும் மாட்டேன். என் வீட்டுக்காரர் டிரெய்லர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் வெளியூர். ஒரே மகள் கல்லூரி விடுதியில். வீட்டில் நானும் எங்கள் நாய் ரூபியும்தான். காலை ஷிப்டுக்கு இருட்டோடு கிளம்பினால் கம்பெனி பஸ் வரும்வரை என் கூடவே நிற்பாள். அவள் இல்லாமல் அந்த வீட்டில் இருக்க என்னால் முடியாது.

தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போதே வெடிச் சத்தம் ஆரம்பித்துவிட்டது. சுற்றிலும் காலி மனை, சத்தம் நேராக வந்து சுவரில் மோதும். ரூபி சாப்பாட்டைத் தொடவில்லை. நடுங்கினாள். கதவைப் பிறாண்டிப் பிறாண்டி நகத்தில் ரத்தம். நான் என்ன செய்தேன் தெரியுமா? கம்பெனியில் காதுக்குக் கொடுக்கிற பஞ்சு அடைப்பானைக் கொண்டுவந்து அவள் காதில் திணித்தேன். உதறி ஒன்றைத் தூர எறிந்தாள். இன்னொன்றைத் தின்றுவிட்டு வாந்தி எடுத்தாள்.

அன்றைக்கு லோடு முடித்து வந்த என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னா எஸ்தரு, நாய இன்னா பிரஸ் ஷாப்புக்கா அனுப்பப் போற?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதைக் கொண்டுபோய் எதிர்வீட்டு செல்வியிடம் கொட்டினேன். உன் பிள்ளைகள் வெடிப்பதால்தான் என் ரூபி சாகிறாள் என்று தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன்.

"வருஷத்துல ஒரு வாட்டிதானக்கா வெடிக்குதுங்க. அதுக்குப் போயி இந்தக் கத்து கத்தறியே" என்றாள் செல்வி. நியாயம்தான். எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் மாலை எங்கள் சபைச் சகோதரிகள் நாலு பேரை வீட்டு ஜெபத்துக்கு அழைத்தேன். நாங்கள் எப்படி ஜெபிப்போம் என்று உங்களுக்குத் தெரியும். கைதட்டல், கஞ்சிரா, வீடே அதிரும். நாய்க்கு ஜெபமா என்று முதலில் தயங்கிய ரெபேக்கா அக்காதான் பிறகு எல்லாரையும்விட வேகமாக ஜெபித்தார். ரூபியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து நடுவில் உட்கார வைத்தோம். அவள் தலைமேல் கை வைத்து, "பயத்தின் ஆவியே, இந்த வீட்டைவிட்டு வெளியே போ" என்று அஞ்சு பேரும் ஒரே குரலில் கட்டளையிட்டோம்.

வெளியே போனது ரூபிதான். என் கையை உதறிக்கொண்டு, கேட்டைத் தாண்டி ஓடியே போய்விட்டாள்.

அவள் ஓடியது ஒரகடம் ரோட்டுப் பக்கம். கண்டெய்னர் லாரிகள் ஓயாமல் போகிற ரோடு. நான் செருப்புகூடப் போடாமல் "ரூபி, ரூபி" என்று கத்திக்கொண்டே ஓடினேன். சாலையோரம் கறுப்பாக எது கிடந்தாலும் ரூபியோ என்று குனிந்து பார்த்தேன். ஒரு மணி நேரம் கழித்து, நிறுத்தி வைத்திருந்த லாரி ஒன்றின் அடியில் சுருண்டு கிடந்தாள். டிரைவர் பக்கத்தில் காவல் நின்றிருந்தார்.

"உன்னுதாக்கா? வண்டிக்குக் குறுக்க வந்துட்ச்சி. பிரேக் மேல ஏறி நின்னேன். ஒரு சாண்தான் பாக்கி."

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

"இன்னொரு வாட்டி ஓடுச்சின்னா ரோட்லதான் அள்ளணும். தீபாவளி முடிஞ்ச மறுநாளே வாலாஜாபாத்ல எங்க அண்ணன் கொல்லையில கொண்டுபோயி வுட்டுடறேன். அது வெடிக்கு மட்டும் பயப்புடல எஸ்தரு. உன் சத்தத்துக்கும் பயந்துகினு கீது."

கடைசி வார்த்தை என்னைச் சுட்டது. திருப்பித் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. தொண்டை முழுசாகக் கட்டிவிட்டது.

தீபாவளி அன்று காலையில் அவர் லோடுக்குப் போய்விட்டார். விடியும்போதே நாலாபக்கமும் வெடி. ரூபி குளியலறையில் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டாள். கூப்பிட முடியவில்லை, அதட்ட முடியவில்லை, ஜெபிக்கவும் குரல் இல்லை. எழுந்தேன், நடந்தேன், அடுப்பை அணைத்தேன், திரும்பவும் நடந்தேன். ஒன்றும் ஓடவில்லை. கடைசியில் அந்த ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்து அழுதேன். "ஆண்டவரே, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இவளை என்னிடமிருந்து எடுத்துவிடாதேயும்" என்று மனதுக்குள் சொன்னேன். அவ்வளவுதான் ஜெபம். அதற்குமேல் வார்த்தை இல்லை.

எழுந்துவிடலாம் என்று கால் பரபரத்தது. ஏனோ எழவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது. அத்தனை வருடத்தில் அதை நான் கேட்டதே இல்லை. அப்போது டிரம்முக்குப் பின்னாலிருந்து ரூபி தவழ்ந்து தவழ்ந்து வந்தாள். என் மடியில் முகத்தைப் புதைத்தாள். நான் அவளைத் தடவிக்கூடக் கொடுக்கவில்லை. சும்மா இருந்தேன்.

வெடி நின்றதா என்றால் இல்லை. சாயங்காலம் காலையைவிட மோசம். சரவெடி விழும்போதெல்லாம் நடுங்கினாள், ஆனால் என்மேல் சாய்ந்து நடுங்கினாள். கதவுப் பக்கம் போகவே இல்லை. மூன்று நாளைக்குப் பிறகு என் கையிலிருந்து இரண்டு இட்லி தின்றாள். வீடு திரும்பிய என் வீட்டுக்காரர் குளியலறை வாசலில் நின்று பார்த்தார். லுங்கியை மடித்துக்கொண்டு அவரும் எங்களோடு கீழே உட்கார்ந்தார். மறுநாள் வாலாஜாபாத் பேச்சை அவர் எடுக்கவில்லை. இன்றுவரை எடுக்கவில்லை.

குரல் வர ஐந்து நாள் ஆனது. வந்ததும் முதலில் செல்வி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "நம்ம ஜெபந்தானே எஸ்தரு வேலை செஞ்சிது?" என்று ரெபேக்கா அக்கா கேட்டார். "ஆமாக்கா, நாம ஓட வெச்சோம், ஆண்டவரு திருப்பிக் குடுத்தாரு" என்றேன். இப்போது ஷிப்டுக்குப் போகுமுன் தினமும் கொஞ்ச நேரம் பேசாமல் ஆண்டவருக்கு முன் உட்காருகிறேன். கால் இன்னும் பரபரக்கத்தான் செய்கிறது. அடக்கிக்கொண்டு உட்காருகிறேன்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் யாராவது பயந்து ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அது நீங்களாகவேகூட இருக்கலாம். நான் அழுதபோது என் ஆண்டவர் வெளியே வா என்று என்னை அதட்டவில்லை. அந்த ஈரத் தரையில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவரை நம்புங்கள், உங்கள் பக்கத்திலும் வந்து உட்காருவார்.