கட்டிப்போட்ட மணிமாடு

கட்டைபறிச்சான் கிராமத்துக்குத் தெற்கே, ஆறு கிளைபிரிந்து கடலைத் தேடும் பள்ளத்தில் ஸெய்னுதீனின் எருமைப்பட்டி நின்றது. நாற்பது உருப்படிக்கும் தலைவி நெட்டைக்கொம்பி. கழுத்தில் மணி இருந்தது அவளுக்கு மட்டும்தான். பற்றைக்காட்டுக்குள் பட்டி எங்கே மேய்கிறதென்று அறியக் கட்டிய மணி அது. நாளடைவில் அதற்கு வேறொரு பெருமையும் சேர்ந்தது. மாரியில் வெள்ளம் வருமுன் கொம்பி தானாகவே மேட்டுக்கு ஏறுவாள். பட்டி பின்னால் போகும். மணிச்சத்தம் நகர்ந்ததும் குடிசைக்காரர் பாயைச் சுருட்டுவார்கள். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்களே, அந்தச் சனம் அதை எருமையை வைத்தே நம்பியது.

எல்லாரிலும் அதிகம் நம்பியவன் ஸெய்னுதீன். மூதூருக்குத் தயிர் கொண்டுபோகும்போதெல்லாம் மனைவி ஸுல்பிகாவிடம் சொல்வான்.

“மணி இஞ்ச கேக்கும் மட்டும் பயமில்ல புள்ள. சத்தம் மேட்டுப் பக்கம் போனா றஹ்மாவைத் தூக்கிட்டு நீயும் போ.”

மகள் றஹ்மாவுக்கு அப்போது மூன்று வயது.

ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி. மழை விடாமல் பெய்த ஒரு நாள், கொம்பி மூன்று தரம் மேட்டுப் பக்கம் கிளம்பினாள். வழியில் பக்கத்துக் குடிசை அபூதாஹிரின் இளம்பயிர் கிடந்தது. மூன்று தரமும் அவன்தான் விரட்டினான். பிறகு வாசலில் வந்து நின்று கத்தினான்: “உன்ட மாட்டுக்கா நான் விதைச்சனான்?”

ஸெய்னுதீனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. மாடு பயிர் ருசி கண்டுவிட்டது என்று நினைத்தான். இந்த மனிதனை என்ன சொல்ல! வருசம் முழுக்க அந்த மணிக்குக் காது கொடுத்தவன், அது மூன்று தரம் சொன்னதைத் திருட்டு என்று எடுத்துக்கொண்டான். மறுநாள் காலை கொம்பியைப் பாலைமரத்தில் கட்டினான். தலைவி நின்ற இடத்தில் பட்டியும் நின்றது. கட்டியதை ஸுல்பிகாவிடம் சொல்ல மறந்து, தயிர்ச்சட்டிகளோடு மூதூருக்குப் போனான்.

பகல் சாயுமுன் ஆறு கரையை உடைத்தது. பிள்ளைகளோடு மேட்டுக்கு ஓடிய அபூதாஹிர் ஸுல்பிகாவையும் கூப்பிட்டிருக்கிறான். பிறகு அவனே அழுதழுது சொன்னான்: “‘வா தங்கச்சி’ எண்டன். ‘மணி இஞ்சதானே கேக்குது அபூதாஹிர் நானா, அவர் சொன்னவர், பயமில்ல’ எண்டிச்சு. நானும் விட்டுட்டுப் போயிட்டன்.”

ஸெய்னுதீன் தோணி பிடித்து வந்தபோது குடிசை இருந்த இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. பாலைமரத்தடி கொஞ்சம் உயரம். அங்கே நெஞ்சளவு வெள்ளத்தில் கொம்பி உயிரோடு நின்றாள். மணி அதே இடத்தில் கேட்டது. தாயையும் பிள்ளையையும் மூன்றாம் நாள் கண்டெடுத்தார்கள்.

ஆறு மாதம் கழித்து, தபாற்கந்தோரில் வேலைபார்க்கும் குலசிங்கம் ஐயா துக்கம் விசாரிக்க வந்தார். படித்த மனிதர், என்ன பேசுவதென்று தெரியாமல் தனக்குத் தெரிந்ததைப் பேசினார்.

“வெள்ளைக்காரன்ர ஊரிலயும் இதே வழக்கம்தான். ஆட்டுக்கூட்டத்தில முன்னுக்குப் போற காயடிச்ச கிடாய்க்கு மணி கட்டுவினம். அதுக்குப் பேர் பெல்வெதர். பெல் எண்டா மணி, வெதர் எண்டா அந்தக் கிடாய். இப்ப பேப்பரில, வரப்போறதை முன்னுக்குக் காட்டுற எதுக்கும் அந்தப் பேரைத்தான் எழுதுறாங்கள். ஆனா கிடாய்க்கு எல்லாம் தெரியுமெண்டு கட்டுறதில்லை. அது எங்க நிக்குதெண்டு மேய்க்கிறவனுக்குத் தெரியத்தான் மணி.”

ஸெய்னுதீன் நிலத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: “அந்தக் கிடாயை மேய்க்கிறவனே கட்டிப்போட்டா, ஐயா?”

குலசிங்கம் ஐயா கொண்டுவந்த பலகாரப் பொதியைக் கதிரையில் வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

அன்றே ஸெய்னுதீன் கொம்பியின் கழுத்து மணியைக் கழற்றினான். அதன்பின் ஒவ்வொரு மார்கழியிலும், வானம் கறுத்தால் போதும், மணியைக் கையில் பிடித்து ஆட்டிக்கொண்டு குடிசை குடிசையாகப் போவான். “எழும்புங்க, மேட்டுக்குப் போங்க.” இவன் மணியடித்தால் வெயில்தான் என்று சனம் சிரித்தது. அபூதாஹிர் மட்டும் ஒருநாளும் சிரிக்கவில்லை. முதல் ஆளாகப் பாயைச் சுருட்டிக்கொண்டு மேட்டுக்கு ஏறுவான்.

தலை நரைத்தும் ஸெய்னுதீன் அதை விடவில்லை. எல்லாக் குடிசையும் முடிந்தபின், புல் மூடிய தன் பழைய குடிசை வளவில் போய் நிற்பான். அங்கே மணியை மெல்லத்தான் ஆட்டுவான்.

“மணி போகுது புள்ள. எழும்பு. றஹ்மாவைத் தூக்கு.”