வாங்க என்று கேட்காத குற்றம்

என் கணவருக்கு வந்தது மாரடைப்பு இல்லை. இதை எத்தனை பேரிடம் சொல்லியும் ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை. மானகிரி வயலில் கருவேல முள் குத்தியது. குத்திய இடம் சீழ் வைத்தது. காய்ச்சல் வந்து ஆள் பிதற்ற ஆரம்பித்த பிறகுதான் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். "கால்ல இருந்த கிருமி ரத்தத்துல கலந்துருச்சும்மா. அதுல இதயம் தளர்ந்து போயிருக்கு," என்றார் டாக்டரம்மா. கிருமியை அடக்கி வீட்டுக்கு அனுப்பும்போது பொறுப்பை என்னிடம்தான் கொடுத்தார். "இதயம் பெரும்பாலும் பழையபடி தேறிடும். அதுவரைக்கும் அதுக்கு வேலை வைக்காதீங்க. உப்பைக் குறைங்க, தண்ணி அளவா குடுங்க. நடமாட்டத்தை நாங்க சொல்ற மாதிரி கொஞ்சங்கொஞ்சமா கூட்டுங்க."

உப்பைக் குறைத்தேன். தண்ணீரை அளந்தேன். சொந்தக்காரர்களை என்ன செய்வது?

எங்கள் ஊர்ப் பக்கம் வீட்டுக்கு வந்தவரை வீட்டுக்காரர் எழுந்து, முகம் பார்த்து, 'வாங்க' என்று கேட்க வேண்டும். கூட்டமாக வந்தால் மொத்தமாகக் கேட்டது செல்லாது, ஆளுக்கு ஒன்று. கேட்காவிட்டால் அடுத்த விசேஷத்துக்கு வர மாட்டார்கள். நோயாளிக்கும் இதில் விலக்குக் கிடையாது போலிருக்கிறது. ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாகப் பார்க்க வந்தவர்கள் கட்டில் பக்கத்தில் நின்று அதற்குத்தான் காத்திருந்தார்கள். இவரும் ஒவ்வொருவருக்கும் கையூன்றி எழுந்தார், மூச்சு இரைக்க. நான் முறைத்தால், "வந்தவுகள எப்படிக் கேக்காம இருக்கிறது?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கண்டரமாணிக்கத்திலிருந்து நாத்தனாரின் கணவர் வந்தபோது இவர் மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். "வாங்கண்ணே" என்று நான்தான் கேட்டேன். நான் கேட்டது கணக்கில் வராது. மனிதர் பழப்பையை வைத்துவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அன்று சாயந்தரமே நாத்தனாரிடமிருந்து போன். நான் எடுப்பதற்குள் இவர் எடுத்துவிட்டார்.

"தேடி வந்த மச்சானை வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்க வாய் வலிச்சுச்சா?"

உடனே இவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நேரில் போய்ச் சமாதானம் சொல்ல வேண்டுமாம். நான் கத்தக் கத்த வாசல் கேட் வரை நடந்தவர், அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். உதடு வெளுத்து, சட்டையெல்லாம் வியர்வை. மறுபடியும் மதுரை. நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்றார்கள். இத்தனை நாள் பொத்திப் பொத்திப் பார்த்ததெல்லாம் ஒரு போனில் போனது.

மறுநாள் மச்சான் வார்டு வாசலில் வந்து நின்றார். இந்தத் தடவை நான் விடவில்லை.

"அண்ணே, அவுகளுக்கு எந்திரிக்கத் தெம்பு இல்லை. உங்களுக்கு மரியாதை வேணுமா, மாப்ள வேணுமா? அதைச் சொல்லிட்டு உள்ள போங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். அவரைப் பார்த்ததும் என் கணவர் மெத்தையில் கையை ஊன்றினார். மச்சான் விரைந்து போய்த் தோளைப் பிடித்துப் படுக்க வைத்தார்.

"படுங்க மாப்ளே. நீங்க கேட்டீகன்னே நான் வச்சுக்கிர்றேன்."

பெரிய மனசு. கேட்டதும் இவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி, எந்த மாத்திரையும் தராத நிம்மதி. அந்த வார்த்தையை அன்றைக்கே எங்கள் வீட்டுக் கட்டில் பக்கத்தில் நின்று சொல்லியிருக்கலாம்.